ஜெர்மன் மழை

கருவேலங்கண்மாயில் கொஞ்ச காலம் மழை வானத்திலிருந்து பெய்யவில்லை, ஒரு பழைய துப்பாக்கியின் தாழைப் பின்னுக்கு இழுத்தால் பெய்தது. அதை அந்த ஊர்க்காரர்கள் யாரும் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொள்வதில்லை. ராமநாதபுரம் சீமையில் வானத்திலிருந்து மழை பெய்வதுதான் அதிசயம், வேறு எங்கிருந்து பெய்தாலும் பெய்தவரைக்கும் லாபம் என்று வாயைப் பொத்திக்கொண்டு ஏர் பூட்டுகிற சனம் அது.

சுதந்திரம் வந்து சில வருசம் கழிந்திருந்த ஒரு கோடையில், கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, வீட்டுக்கு ஓராள் என்று ஊர் கூடிக் குடிமராமத்துக்கு இறங்கி வண்டலை வெட்டிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, மடைக்கு நேர் எதிரே இருளாண்டியின் மண்வெட்டி எதிலோ பட்டு ணங்கென்றது. இருளாண்டி அந்த ஊர் நீர்பாய்ச்சி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்துவிடுகிற ஆள். தண்ணீரே இல்லாத கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருப்பது கல்யாணமே நடக்காத ஊரில் மேளக்காரனாக இருப்பது மாதிரி என்று ஊரே அவனைக் கேலி பேசும், அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் தோண்டி எடுத்தது ஒரு இரும்பு. குழல் இல்லை, கட்டை இல்லை. துப்பாக்கியின் நடுவில் இருக்கிற கூடும் அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற தாழும் மட்டும், அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் துளி துரு இல்லாமல், எண்ணெய் போட்டு நேற்றுத்தான் துணியில் சுற்றி வைத்தது போல இருந்தது.

கூப்பிடு ராக்கப்பனை என்றார்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன்; சுடுகிற வேலை இல்லாமல், சுட்டுச் சுட்டுப் பழுதான துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டுகிற பட்டறையில் இருந்துகொண்டே பர்மாவரைக்கும், அதைத் தாண்டியும் போய்வந்திருந்தான். வந்தவன் இரும்பை வாங்கி வேட்டியில் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் ஒரு மாதிரி ஆனதை ஊர் கவனிக்கவில்லை. ஊர் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எந்த தேசத்துச் சரக்குடா இது?" என்று அம்பலக்காரர் கேட்டார். ஊருக்குத் தலைமைக்காரர் அவர்தான், எதையும் முதலில் கேட்கிற உரிமையும் அவருக்குத்தான். ராக்கப்பன் நிதானமாகச் சொன்னான்: துப்பாக்கிக்கு மூன்று பிறந்த ஊர் உண்டு, படம் போட்டுக் கொடுத்தவன் ஊர் ஒன்று, உலையில் வைத்து அடித்தவன் ஊர் ஒன்று, காசு கொடுத்து வாங்கித் தன் முத்திரையைக் குத்தித் தோளில் தூக்கியவன் ஊர் ஒன்று. தாழின் பக்கத்தில் நீளமாக ஓடுகிற இந்தக் கொக்கி ஜெர்மன்காரன் போட்ட படம். மேலே தூசி போகாமல் தாழோடு கூடவே ஓடுகிற இந்தத் தகர மூடி ஜப்பான்காரன் கைவேலை. மூன்றாவது ஊரைச் சொல்லுமுன் தாழ் ஓடுகிறதா பார்க்கலாம் என்று பிடியை நிமிர்த்திப் பின்னுக்கு இழுத்தான், கிளக் என்றது, மழை பெய்தது.

தூறல் இல்லை, சாரல் இல்லை, மலைக்காட்டில் மாசக்கணக்கில் விடாமல் அடிக்கிற மழை போல, சத்தம் எட்டிய தூரம்வரைக்கும் கனமாக, நேராக, குளிரக் குளிரப் பெய்தது. மேலே வானம் துடைத்து வைத்த தாம்பாளமாக வெயிலடித்துக்கொண்டிருந்தது. ராக்கப்பன் வாயைத் திறந்தான், மூன்றாவது ஊரைச் சொல்லத்தான் திறந்தான், ஆனால் மண் சுமக்கிற பெண்கள் வரிசையில் நின்ற அவன் அக்கா பூமயில் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகத்தை மேலே தூக்கி நனைந்துகொண்டே சிரிப்பதைப் பார்த்தான், பல வருசமாகப் பார்க்காத சிரிப்பு, பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பூமயில் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. சண்டைக்கு முன்னால், இதே போலக் கண்மாய் காய்ந்து கிடந்த ஒரு வருசம், அவள் புருசன் சாத்தையா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். ஏறும்போது, "கண்மாய் நெறயிறப்ப வந்துருவேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனோடு அந்த ஊரிலிருந்து இன்னும் சில பேரும் போனார்கள். சண்டை வந்தது, கடுதாசி நின்றது, சண்டை முடிந்தது, ஒருத்தரும் வரவில்லை. செத்தார்கள் என்றும் சேதியில்லை. அவர்கள் சாதியில் புருசன் செத்துவிட்டால் தாலியை அறுத்து மறுதாலி கட்டிக்கொள்ளலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் செத்தான் என்று யாராவது சொல்ல வேண்டுமே. சொல்ல ஆளில்லாததால் பூமயில் நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் கயிற்றோடும் வருசத்தைக் கழித்தாள்.

ராக்கப்பனுக்கு அந்த இரும்பின் தலையில் குத்தியிருந்த சக்கரத்தைப் பார்த்த கணத்திலேயே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. அது, இன்றைக்குத் தாய்லாந்து என்கிறார்களே, அந்தச் சயாம் ராஜாவின் சக்கரம். ஜப்பான்காரன் கையைத் தூக்கிய பிறகு ஆயுதங்களை வாங்கி வைக்க இவன் பட்டாளம் சயாமுக்குப் போனது. இதே சக்கரம் குத்திய ரைபிள்களை இவனே கையால் அடுக்கியிருக்கிறான். அங்கேதான் காட்டுக்குள் போட்ட ரயில் பாதையையும் பார்த்தான். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழாட்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு வந்து, விடாத மழையில் மண் சுமக்க வைத்து, சுரத்திலும் பேதியிலும் குவியல் குவியலாகப் புதைத்த இடங்களைப் பார்த்தான். மிச்சமிருந்த எலும்புக்கூடுகள் இவனிடம் தமிழில் கஞ்சி கேட்டன. மச்சானைப் பற்றி விசாரித்தான். தெரியும் என்றும் யாரும் சொல்லவில்லை, தெரியாது என்று சொல்லக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை. உறுதியில்லாததை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஊருக்கு வந்தும் வாயைத் திறக்காமலே இருந்தான். இப்போது சயாம் சக்கரம் குத்திய இரும்பு அவர்கள் ஊர்க் கண்மாய்க்குள்ளேயே வந்து கிடக்கிறது, தாழைத் திறந்தால் அந்தக் காட்டு மழையே பெய்கிறது, இதற்குமேல் என்ன உறுதி வேண்டும்.

ஆனால் ஊர் அதற்குள் சக்கரத்தைப் பார்த்துவிட்டது. சக்கரம் என்றால் யாருடையது, பெருமாளுடையது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஐயர் சக்கரத்தின் கீழே சுழி சுழியாக இருந்த எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை கிரந்தம்தான், மழைக்கான மந்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெர்மன்காரன் போட்ட படம் என்று ராக்கப்பன் சொன்னது பாதிப் பேர் காதில் விழுந்திருந்ததால், ஜெர்மன்காரனும் பெருமாளைக் கும்பிடுகிறவன்தான் போலிருக்கிறது என்று அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அதுவரை அய்யனாரைத் தவிர வேறு சாமி இல்லாத ஊரில் கண்மாய்க் கரைமேல் ஒரு சின்னப் பெருமாள் கோயில் எழுந்தது. இரும்பை உள்ளே வைத்துப் பட்டுத் துணி சுற்றினார்கள். மழைக்கு ஜெர்மன் மழை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மழையை யார் திறப்பது என்பதில் ஊரில் ஒரு சண்டை கிளம்பப் பார்த்தது. அம்பலக்காரர் ஒரே பேச்சில் முடித்துவைத்தார்: தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் திறக்கிறவன் நீர்பாய்ச்சிதானே. அதன்பிறகு துப்பாக்கித் தாழும் மடைதான். இன்ன வயலுக்கு இன்ன நாள் என்று முறை வைத்தார்கள். இருளாண்டி இரும்பைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் நின்று தாழை இழுப்பான், வயல் நனைந்ததும் முன்னுக்குத் தள்ளுவான், மழை நிற்கும். நெல் பூக்கிற சமயம் இழுக்கக் கூடாது, கல்யாண வீட்டுக்கு எதிரே இழுக்கக் கூடாது, பங்காளிச் சண்டையில் அடுத்தவன் களத்தில் காய்கிற நெல்லுக்கு மேல் இழுக்கவே கூடாது என்று சட்டம் வைத்தார்கள். லைசென்ஸ் இல்லாத ஆயுதம் இருக்கிறதாமே என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, நான் பார்க்கிறேன் என்று தானே இழுத்து, உடுப்போடு தொப்பலாக நனைந்து, குழலில்லாத இரும்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று தும்மிக்கொண்டே போய்ச்சேர்ந்தார்.

அந்த மழையில் சில கோளாறுகளும் உண்டு, ஊர் அதையும் பழகிக்கொண்டது. மழையோடு மூங்கில் இலை உதிரும். பாடைக்கு வாங்குகிற மூங்கிலைத் தவிர வேறு மூங்கில் பார்த்திராத சனம் அதைக் கூட்டிப் பெருக்கி எருக்குழியில் போட்டது. அட்டை விழும், சுண்ணாம்பு தடவி எடுத்தார்கள். அதில் நனைந்தவர்களுக்குப் பசி தாங்காது, ஒரு மனுசன் நாலு மனுசன் சோறு தின்பான். முறை உள்ள வீட்டில் அன்றைக்கு உலை இரண்டாக வைத்தார்கள். நடவுக்கு இறங்கிய பெண்கள் குலவை போட்டுப் பாட்டைத் தொடங்கினால் இரண்டு அடி போவதற்குள் மெட்டு தானாக இழுபட்டு ஒப்பாரியாகிவிடும். முதலில் பயந்தார்கள், அப்புறம் ஜெர்மன் மழைக்கு இதுதான் மெட்டு என்று ஒப்பாரி ராகத்திலேயே நாற்று நட்டார்கள், நெல் என்னவோ நன்றாகத்தான் விளைந்தது. பூமயில் மட்டும் பாட மாட்டாள். புருசன் உயிரோடு இருக்கையில் அந்த ராகம் எதற்கு என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நடுவாள்.

ராக்கப்பன் ஒரு தடவை சோதித்துப் பார்த்தான். தன் வயலுக்கு முறை வந்த அன்று, இருளாண்டி தூரத்து வரப்பில் நிற்க, பனைமரத்தின் மறைவில் நின்று தனக்கு மட்டும் கேட்கிறாற்போல "சயாம்" என்று முணுமுணுத்தான். அவன் வயலில் மழை நின்றுவிட்டது. சுற்றி எல்லா வயலிலும் பெய்கிறது, அவன் வயலில் மட்டும் இல்லை. இருளாண்டி எத்தனை இழுத்தும் அன்றைக்கு முழுக்க இல்லை, மறுநாள்தான் பெய்தது. காதோடு முணுமுணுத்ததற்கே ஒரு நாள் நின்றதென்றால் ஊர் கேட்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குப் புரிந்துபோயிற்று. ஒரு பக்கம் அக்காவின் வாழ்க்கை, மறு பக்கம் ஊரே தின்கிற சோறு. இந்த அறுப்பு முடியட்டும், இந்த அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டான், பாவி.

கண்மாய் நிறைந்தது. நிறைந்த அன்றைக்குப் பூமயில் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த சிவப்புச் சேலையை எடுத்துக் கட்டி, கலுங்கில் தண்ணீர் வழிகிற இடத்தில் போய் உட்கார்ந்து பாதையைப் பார்த்தாள். ஒவ்வொரு வருசமும் நிறைந்தது, ஒவ்வொரு வருசமும் அப்படியே உட்கார்ந்தாள். பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்திருந்த இருளாண்டிக்கு அவள்மேல் ஒரு மனசு இருந்தது, கட்டிக்கொள்கிற முறையும் இருந்தது. அவள் வயலுக்குத் தாழை இழுக்கும்போது மட்டும் மழை பூப்போல விழுகிற மாதிரி மெதுவாக இழுப்பான், ஊருக்கே அது தெரியும். அம்பலக்காரரை விட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். பூமயில் கோபப்படவில்லை. "கண்மாய் நெறஞ்சா வர்றேன்னாரு, நெறஞ்சிருச்சுல்ல, இனி என்ன, வந்துருவாரு" என்றாள். இருளாண்டி அதற்குப் பிறகு கேட்கவில்லை, வேறு கல்யாணமும் பண்ணவில்லை. எந்த மழை சாத்தையாவைக் கொன்றதோ அதே மழையைக் காட்டித்தான் அவள் சாத்தையாவுக்காகக் காத்திருந்தாள், இதைத் தெரிந்த ஒரே ஆள் ராக்கப்பன், அவன் அந்த மழையில் விளைந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

ஒரு தடவை அவளே கேட்டாள். நடவு முடிந்து நனைந்த சேலையோடு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள், உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"தம்பி, உண்மையச் சொல்லு. இது எந்த ஊரு மழை?"

"அதான் சொன்னேனேக்கா, ஜெர்மன்."

"அந்த ஊர்ல நம்ம ஆளுக இருக்காங்களாடா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் எனக்கு நம்ம ஆளுக வேர்வை வாடை அடிக்குது?" என்றாள். அவன் வீட்டுக்குள் திரும்பி அவளுக்குச் சோறு போடச் சொன்னான். நாலு ஆள் சோற்றைத் தின்றுவிட்டுப் போனாள்.

வருசங்கள் போயின. பூமயிலின் வகிட்டில் நரை ஏறியது. எல்லோருடைய மழையிலும் தானே நின்று நனைந்த இருளாண்டிக்குக் குளிர்சுரம் கண்டது. தெளியும், வரும், தெளியும், வரும். வாய் பிதற்றும்போது அவனுக்குத் தெரியாத ஊர்களின் பேரெல்லாம் சொன்னான். ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்காமல் ஒரு தை மாசத்துக் காலையில் போய்விட்டான். ஊரே அழுதது, அழாமல் என்ன செய்யும், அவன் கை பட்டுத்தானே இத்தனை வருசம் சோறு. பெண்கள் வட்டம் கட்டி மாரடித்து அழுகையில் பூமயிலும் போய்ச் சேர்ந்து வாயைத் திறந்தாள். திறந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கிளம்பியது. பக்கத்திலிருந்த ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, வழக்கத்தைச் சொல்கிறவள்போல, "நீ எந்த மொறைக்கு இப்பிடி அழுகுற?" என்று கேட்டுவிட்டாள். பூமயில் அப்படியே நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய்த் தனியாகச் சுவரோரம் நின்றாள்; நெற்றியில் பொட்டு, கழுத்தில் கயிறு, வாயில் முந்தானை. ராக்கப்பன் ஆண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தான். போன புருசனுக்கும் அழ முடியாமல், வாய்த்திருக்க வேண்டிய புருசனுக்கும் அழ முடியாமல் அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் புது நீர்பாய்ச்சிக்குத் தாழை ஒப்படைக்க ஊர் பெருமாள் கோயிலில் கூடியது. பயிர் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு நனைப்பு கொடுத்தால் களம் நிறைய நெல். ராக்கப்பன் நடுவில் வந்து நின்றான். பட்டுத் துணியை விலக்கிச் சக்கரத்தின்மேல் விரலை வைத்தான். படம் ஜெர்மன், கைவேலை ஜப்பான் என்று அன்றைக்குச் சொன்னேன், மூன்றாவது ஊரைச் சொல்லவில்லை என்றான். கூட்டத்தில் அக்காவைத் தேடி அவளைப் பார்த்துச் சொன்னான்.

"இது சயாம்காரன் துப்பாக்கிக்கா. இது சயாம் மழை. மலேயாவுக்குப் போன நம்ம ஆளுகள அங்க கொண்டுபோய்த்தான் ரயில் ரோடு போட வச்சாங்க. நான் அந்த எடத்தப் பாத்துட்டு வந்தவன். மச்சான் வர மாட்டாரு."

புது நீர்பாய்ச்சி பதறிப்போய்த் தாழை இழுத்தான். கிளக் என்றது. வெயில் அடித்தது. மறுபடி இழுத்தான், மறுபடியும் வெயில். யாரும் கத்தவில்லை. அம்பலக்காரர்தான், "ஏண்டா, இத்தன வருசம் வச்சிருந்தவன், இந்த ஒரு அறுப்பு முடியிறவரைக்கும் வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அப்படிக் கேட்டவரின் தம்பியும் மலேயாவுக்குப் போனவர்களில் ஒருவன்; அது நினைவுக்கு வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வருசம் பாதி நெல் பதராகிப்போனது. அதைவிட, இத்தனை காலம் எதைத் தின்றோம் என்று தெரிந்தபின் குதிரில் இருந்த பழைய நெல்லைப் பொங்கவும் பலருக்கு மனசு வரவில்லை.

ஆள் போய்த் திரும்பாத வீடுகள் எல்லாம் ஒன்றாக வண்டி கட்டிக்கொண்டு தேவிபட்டினம் கடலுக்குப் போனார்கள். சாஸ்திரிகள் ஒவ்வொருவராக அழைத்து, பெயர் என்ன, எங்கே காலமானார் என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ராக்கப்பனே முன்னால் வந்து "சயாம்" என்று சொன்னான், கடல் கேட்கச் சொன்னான். பூமயில் பிண்டத்தைக் கரைத்து, கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டு, முங்கி எழுந்து கரைக்கு வந்தாள். அதன்பிறகுதான் பாடினாள். வயலில் எத்தனையோ வருசம் உதட்டைக் கடித்து அடக்கி வைத்திருந்த அந்த ராகத்தை எடுத்து முதலில் சாத்தையாவுக்குப் பாடினாள், முடித்து மூச்சு வாங்கி இருளாண்டிக்குப் பாடினாள். எந்த முறைக்கு என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

பாடி முடித்துத் தம்பி இருந்த பக்கம் வந்தாள். ராக்கப்பன் திட்டுக்குத் தயாராக நின்றான், அடித்தாலும் வாங்கிக்கொள்வான். அவள் அடிக்கவும் இல்லை, இருளாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கரையேத்தியிருப்பேனேடா. இத்தன வருசமா அவர மழையில நிக்க வச்சுட்டியேடா தம்பி" என்றாள்.

சொல்லிவிட்டு வண்டியில் போய் ஏறிக்கொண்டாள். வழி நெடுக அவன் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தான்.

கருவேலங்கண்மாய் பழையபடி காய்ந்தது. இளவட்டங்கள் மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறினார்கள். போகிறவர்களிடம் ஊர்ப் பெண்கள் எப்போது வருவாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்ப் பேரைச் சொல்லி அனுப்பு என்று கேட்கப் பழகினார்கள். பெருமாள் கோயிலில் விளக்கு இன்றைக்கும் எரிகிறது, அந்த இரும்பும் அங்கேயே இருக்கிறது, வெறும் இரும்பாக. எப்போதாவது, ஐப்பசியில் வழி தவறி வந்த மாதிரி வானத்திலிருந்தே நாலு மழை பெய்யும். பெய்தால் ஊர் முழுக்க வீட்டுக்குள் ஓடும், ராக்கப்பன் மட்டும் வெளியே வந்து தெரு நடுவில் துண்டுகூடப் போடாமல் நிற்பான், மழை விடுகிறவரைக்கும் நிற்பான். முதலில் கிறுக்கு என்றார்கள், பிறகு அதையும் பழகிக்கொண்டார்கள். எதிர்வீட்டில் பூமயில் உட்கார்ந்து அவன் நனைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே வாடா என்று ஒரு தடவைகூட அவள் கூப்பிட்டதில்லை. ஆனால் எவ்வளவு சாரல் அடித்தாலும் கதவை மட்டும் சாத்த மாட்டாள்.